மைலேஜுக்காக ஸ்பிராக்கெட் பல் மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் கூட்டினால் மைலேஜ் கூடுமா?

ஸ்பிராக்கெட் என்பது செயின் ஓடும் பல் சக்கரம்; முன்னது என்ஜின் பக்கம், பின்னது பின் சக்கரத்தில். முன்னதில் ஒரு பல் கூட்டினால் எல்லா வண்டிக்கும் மைலேஜ் கூடிவிடாது. வண்டி பெரும்பாலும் டாப் கியரில், ஒரே வேகத்தில், நீண்ட தூரம் ஓட வேண்டும். அந்த வேகத்தில் என்ஜின் தேவைக்கு மேல் சுழன்றுகொண்டிருக்க வேண்டும். த்ராட்டில் (ஆக்ஸிலரேட்டரைத் திருகும்போது திறக்கும் காற்றுவழி) பாதிகூடத் திறக்காமலே அந்த வேகம் நிற்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் பலன் உண்டு. சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்பும் ஓட்டம் என்றால் பலன் இல்லை. கிளட்சில் போகும் பெட்ரோலைச் சேர்த்தால் மைலேஜ் இறங்கவும் செய்யும்.

ஒரு பல் கூட்டி ஆர்பிஎம் (என்ஜின் நிமிடத்துக்குச் சுழலும் சுற்று) 6 சதவீதம் குறைந்தாலும் மைலேஜும் 6 சதவீதம் ஏறிவிடாது. என்ஜினுக்குள் வீணாகும் பங்கில்தான் மிச்சம் பிடிக்கிறோம். வண்டி காற்றைக் கிழித்துப் போகச் செலவாகும் ஆற்றல் அப்படியேதான் இருக்கும்.

ஆர்பிஎம் குறைந்தால் பெட்ரோல் ஏன் மிச்சமாகிறது?

இரண்டு காரணங்கள். பிஸ்டன் ரிங்குகள், பேரிங்குகள், வால்வு ஸ்பிரிங்குகள், ஆயில் பம்பு ஆகியவற்றின் உராய்வைத் தாண்டித்தான் ஒவ்வொரு சுற்றும் நடக்கிறது. அதே தூரத்தைக் குறைந்த சுற்றில் கடந்தால் அந்தச் செலவு குறையும்.

இரண்டாவது காரணம் பலர் கவனிக்காதது. த்ராட்டில் சிறிதளவே திறந்திருக்கும்போது என்ஜின் ஒரு சின்ன இடுக்கு வழியாகக் காற்றை உறிஞ்சப் போராடுகிறது. உறிஞ்சவே கொஞ்சம் சக்தி போய்விடுகிறது. அதே வேகத்துக்கு ஆர்பிஎம் குறையும்போது த்ராட்டிலை இன்னும் சற்றுத் திறக்க வேண்டியிருக்கும், உறிஞ்சும் சிரமமும் குறையும். "ஆக்ஸிலரேட்டரை அதிகம் திருகினால் பெட்ரோல் அதிகம் குடிக்கும்" என்பது ஒரே ஆர்பிஎம்மில் வைத்துப் பார்த்தால்தான் சரி.

இதற்கு ஓர் எல்லை உண்டு. த்ராட்டில் முக்கால்வாசிக்கு மேல் திறந்தபடி ஓட வேண்டிய நிலை வந்தால், சக்தி போதவில்லை என்று இசியு (பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் கணினி) பெட்ரோலைக் கூட்டும். கார்புரேட்டரிலும் ஊசி மேலே ஏறி மெயின் ஜெட் முழுதாக வேலை செய்யத் தொடங்கும். கலவை கெட்டியானதும் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும்.

பல் விகிதத்தை எப்படிக் கணக்கிடுவது?

பின் பல்லை முன் பல்லால் வகுத்தால் போதும். முன்னால் 15, பின்னால் 45 என்றால் 3.0. முன்னால் 16 ஆக்கினால் 2.81. ஆர்பிஎம் குறைவு 6.25 சதவீதம். இதே விளைவு பின்னால் வேண்டுமென்றால் 45-ஐ 42 ஆக்க வேண்டும், அது 2.8. முன்னால் ஒரு பல் கூட்டுவது பின்னால் மூன்று பல் குறைப்பதற்குச் சமம் என்று சொல்வது இதனால்தான்.

ஆர்பிஎம்மையும் வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம். 100/90-17 டயரின் விட்டம் சுமார் 612 மி.மீ., சுற்றளவு 1.92 மீட்டர். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு 694 முறை சுற்றும். அந்த எண்ணை பிரைமரி விகிதம் (என்ஜினுக்கும் கிளட்சுக்கும் இடையிலான பல் விகிதம்), டாப் கியர் விகிதம், ஸ்பிராக்கெட் விகிதம் மூன்றாலும் பெருக்கினால் என்ஜின் ஆர்பிஎம். பிரைமரி 3.2, டாப் கியர் 0.9 என்று வைத்தால், 15/45-இல் சுமார் 5,990. 16/45-இல் சுமார் 5,620. வித்தியாசம் 370 சுற்று. உங்கள் வண்டியின் விகிதங்கள் சர்வீஸ் மேனுவலில் இருக்கும்.

இன்னொரு பார்வையும் உதவும். நான்காம் கியருக்கும் ஐந்தாம் கியருக்கும் இடையே பொதுவாக 15 முதல் 20 சதவீத இடைவெளி இருக்கும். ஒரு பல் கூட்டுவது அந்தப் படியில் மூன்றில் ஒரு பங்கு ஏறுவது போல. டாப் கியருக்கு மேல் இன்னொரு முழுக் கியர் கிடைத்துவிடாது.

என் வண்டிக்கு ஒத்துவருமா என்று மாற்றும் முன்பே தெரிந்துகொள்ள வழி உண்டா?

உண்டு, செலவே இல்லை. நீங்கள் வழக்கமாகப் போகும் வேகத்தைப் பழைய முன் பல்லால் பெருக்கிப் புதிய பல்லால் வகுங்கள். 80 × 15 ÷ 16 = 75. இப்போதுள்ள ஸ்பிராக்கெட்டோடு டாப் கியரில் 75-இல் ஓடும்போது என்ஜின் எவ்வளவு சுழல்கிறதோ, மாற்றிய பிறகு 80-இல் அவ்வளவுதான் சுழலும்.

அதனால் இப்போதே டாப் கியரில் 75-இல் ஓட்டிப் பார்க்கலாம். சமதளத்தில் மட்டும் ஓட்டிவிட்டு முடிவு செய்யாதீர்கள். 80-இல் காற்று எதிர்ப்பு 75-இல் இருப்பதைவிட அதிகம். போதாததற்கு உயர்ந்த கியரிங்கில் சக்கரத்துக்குப் போகும் இழுவையும் குறைவு. இரண்டையும் சேர்த்தால், காற்றைத் தள்ள மட்டும் என்ஜின் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக இழுக்க வேண்டியிருக்கும். அதனால் இந்தச் சோதனையை லேசான ஏற்றத்திலும், வழக்கமாகப் பின்னால் ஆள் ஏற்றுபவர் என்றால் ஆளோடும் செய்யுங்கள். வேகம் குறையாமல், அதிர்வு இல்லாமல், கியர் இறக்காமல் ஏறினால் ஒரு பல் தாராளமாகக் கூட்டலாம். அடிக்கடி கியர் இறக்க வேண்டிவந்தால் விட்டுவிடுங்கள். கியரை இறக்கியே ஓட்டுவதானால் பல் கூட்டியதற்கு அர்த்தமே இல்லை.

100 சிசி, 110 சிசி வண்டிகள் பலவற்றில் டாப் கியர் ஏற்கெனவே மைலேஜுக்காக நீட்டி வைக்கப்பட்டிருக்கும். அவற்றில் இந்த மாற்றத்துக்கு இடம் குறைவு. முடுக்கத்துக்காகக் கியரிங்கைச் சுருக்கி வைத்திருக்கும் 150 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளில்தான் பலன் தெரிய வாய்ப்பு அதிகம்.

முன்னால் கூட்டுவதா, பின்னால் குறைப்பதா?

இடம் இருந்தால் முன்னால் கூட்டுவதே மேல். முன் ஸ்பிராக்கெட்டில்தான் செயின் கூர்மையாக மடங்குகிறது. 15 பல்லில் ஒவ்வொரு கண்ணியும் 24 டிகிரி மடங்கும், 16-இல் 22.5 டிகிரி. மடக்கம் குறைந்தால் உராய்வும் தேய்மானமும் குறையும். ஆரம் கூடுவதால், என்ஜின் அதே முறுக்கோடு இழுக்கும்போது செயினில் விழும் இழுப்பும் குறைகிறது. பின் பல்லைக் குறைத்தால் இந்த நன்மைகள் கிடைக்காது.

பின்னால் மாற்றுவதற்கு ஒரே அனுகூலம், சிறு சிறு படியாக நகரலாம். 45-ஐ 44 ஆக்கினால் 2.2 சதவீதம்தான் மாறும். முன் பல் ஒன்று கூட்டுவது அதிகம் என்று சோதனையில் தெரிந்தால் பின்னால் ஒன்றோ இரண்டோ குறைத்துப் பார்க்கலாம்.

பெரிய முன் ஸ்பிராக்கெட்டுக்கு உள்ளே இடம் இருக்குமா?

வாங்கும் முன் அளந்துவிடுங்கள். 428, 520 என்பவை செயின் அளவைக் குறிக்கும் எண்கள். ஒரு பல் கூட்டும்போது ஆரம் 428 செயினில் சுமார் 2 மி.மீ., 520 செயினில் சுமார் 2.5 மி.மீ. கூடும். கவரைக் கழற்றி, இப்போதுள்ள செயினின் வெளி விளிம்புக்கும் என்ஜின் கேஸுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். புதிதாகப் போட்ட பிறகும் எல்லாப் பக்கமும் 3 மி.மீ.யாவது மிஞ்ச வேண்டும், ஏனென்றால் ஓட்டத்தில் செயின் துள்ளும். கிளட்ச் புஷ்ராடு அந்தப் பக்கம் வெளியே வரும் என்ஜின்களில் அதன் அருகேதான் முதலில் முட்டும். கவரின் உள்பக்கத்தில் செயினுக்கு வழிகாட்டும் முகடு இருக்கும், அதையும் பாருங்கள்.

வாங்கும்போது பல் எண்ணிக்கை மட்டும் பார்த்தால் போதாது. செயின் அளவு, ஷாஃப்ட் ஸ்ப்ளைன் (ஷாஃப்ட்டில் ஸ்பிராக்கெட் பொருந்தும் பள்ளங்கள்), ஸ்பிராக்கெட்டின் ஒரு பக்கத்தில் இருக்கும் ஆஃப்செட் (தடித்து நீட்டிய பகுதி) மூன்றும் பழையதோடு பொருந்த வேண்டும். 428-க்கும் 520-க்கும் பிட்ச் (ஒரு கண்ணியின் நீளம்) வேறு: 12.7 மி.மீ., 15.875 மி.மீ. கம்பெனி ஸ்பிராக்கெட்டின் பக்கத்தில் ரப்பர் வளையம் ஒட்டியிருந்தால் அது சத்தத்தை அடக்குவதற்கு. அது இல்லாததைப் போட்டால் செயின் சத்தம் கூடும், பழுது என்று பயப்பட வேண்டாம்.

செயினை நீட்டவோ வெட்டவோ வேண்டுமா?

ஒரு பல் கூடினால் செயினில் அரைப் பிட்ச் கூடுதலாகத் தேவைப்படும். அந்த அளவுக்குப் பின் ஆக்சில் (பின் சக்கர அச்சு) முன்னால் நகர வேண்டும்: 428-இல் சுமார் 3 மி.மீ., 520-இல் சுமார் 4 மி.மீ. ஓடிப் பழகிய செயினில் அட்ஜஸ்டர் (ஆக்சிலை நகர்த்தும் திருகு) நடுவில் இருக்கும் என்பதால் இது எளிதில் கிடைத்துவிடும். புதுச் செயின், அட்ஜஸ்டர் முன் முனையிலேயே நிற்கிறது என்றால் கிடைக்காது. அப்போது இரண்டு பிட்ச் நீளமான செயின்தான் வழி. அரைக் கண்ணி போட்டு ஒட்டவைக்காதீர்கள், செயினில் அதுதான் பலவீனமான இடம்.

பின்னால் மூன்று பல் குறைத்தால் ஆக்சில் எதிர்த்திசையில், பின்னோக்கி, 428-இல் சுமார் 9.5 மி.மீ. போகும். நான்கு பல் குறைத்தால் சரியாக இரண்டு பிட்ச் வெட்டிவிட்டு ஆக்சிலைப் பழைய இடத்திலேயே வைக்கலாம்.

ஆக்சில் நகர்ந்தால் டிரம் பிரேக்கும் மாறும், இதை மறப்பவர்கள் ஏராளம். ஆக்சில் முன்னால் வந்தால் பிரேக் கம்பி தளர்ந்து பெடல் இறங்கும். பின்னால் போனால் கம்பி இறுகி, பிரேக் ஷூ டிரம்மை உரசிக்கொண்டே ஓடும். மைலேஜுக்காகப் பல் மாற்றிவிட்டு, உரசும் பிரேக்கில் அதைவிட அதிகம் இழந்து, "பல் மாற்றியதால் மைலேஜ் இறங்கியது" என்று சொல்வது இப்படித்தான் நேர்கிறது. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பின் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்ற வேண்டும். பிரேக் லைட் எரியும் இடத்தையும் சரிபாருங்கள்.

மாற்றும் முறை என்ன?

வண்டியை சென்டர் ஸ்டாண்டிலோ பேடாக் ஸ்டாண்டிலோ நிறுத்தி, இக்னிஷனை அணைத்துச் சாவியை எடுத்துவிடுங்கள். ஓடும் என்ஜினோடு செயினைத் துடைப்பதும் தொடுவதும் விரலை இழக்கும் வழி.

கியர் லீவரைக் கழற்ற வேண்டியிருந்தால் ஷாஃப்ட்டிலும் லீவரிலும் பொருந்தும் இடத்தைக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கவரைத் திறந்து உள்ளே சேர்ந்திருக்கும் கிரீஸ் சேற்றை மண்ணெண்ணெயால் துடைத்தெடுங்கள். அந்த அழுக்கு ஷாஃப்ட் ஆயில் சீலில் புகுந்தால் அடுத்த வாரம் ஆயில் கசியும்.

செயினைக் கழற்றும் முன்பே முன் ஸ்பிராக்கெட் நட்டைத் தளர்த்த வேண்டும். செயின் இருந்தால்தான் பின் பிரேக்கை மிதித்து ஷாஃப்ட்டைப் பிடித்துவைக்க முடியும். லாக் வாஷரின் மடிப்பை முதலில் நிமிர்த்துங்கள். சிறிய வண்டிகளில் பெரிய நட்டுக்குப் பதில் இரண்டு சிறு போல்ட்டும் ஒரு பூட்டுத் தகடும் இருக்கும். போல்ட்டைக் கழற்றித் தகட்டைச் சற்றுத் திருப்பினால் ஸ்ப்ளைன் பள்ளம் வழியே வெளியே வந்துவிடும். அந்த வகையில் ஸ்பிராக்கெட் ஷாஃப்ட்டில் கொஞ்சம் ஆடுவது இயல்பு.

பிறகு பின் ஆக்சில் நட்டைத் தளர்த்தி, இரண்டு அட்ஜஸ்டரையும் ஒரே அளவு பின்வாங்கி, சக்கரத்தை முன்னால் தள்ளுங்கள். செயின் தொய்ந்ததும் முன் ஸ்பிராக்கெட்டை இழுத்தெடுக்கலாம். ஸ்பிராக்கெட்டுக்குப் பின்னால் காலர் இருந்தால் அதை இழுக்காதீர்கள், உள்ளே ஓ-ரிங் இருக்கும்.

புதியதைப் போடும்போது ஆஃப்செட் பக்கம் பழையது இருந்த திசையிலேயே வரட்டும். மடக்கும் லாக் வாஷரைப் புதிதாகவே போடுங்கள், ஒருமுறை மடங்கியது மறுமுறை மடக்கினால் விரிசல் விடும். நட்டை மேனுவலில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் (முறுக்கை அளந்து இறுக்கும் ஸ்பேனர்) இறுக்குங்கள். பெரிய நட்டுக்கு வேண்டிய முறுக்கும் பூட்டுத் தகட்டின் சின்ன போல்ட்டுக்கு வேண்டிய முறுக்கும் பல மடங்கு வேறுபடும். கைக்கணக்கு இங்கே உதவாது. செயினில் கிளிப் இருந்தால் அதன் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும்.

செயின் தொய்வைப் பின் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி, மிக இறுக்கமான இடத்தில் அளந்து வையுங்கள். சாதாரண வண்டிகளில் 20 முதல் 30 மி.மீ. என்பது பொதுவான அளவு. சுவிங் ஆர்மில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் வேறு சொன்னால் அதுவே முடிவு. இரண்டு பக்கக் கோடும் ஒன்றாக நிற்கட்டும். கடைசியாக ஆக்சில் நட்டை இறுக்கிய பிறகு தொய்வை மறுபடி பாருங்கள், இறுக்கும்போது மாறிவிடும். 100 கி.மீ. ஓடியதும் கவரைத் திறந்து நட்டை ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

பழைய செயினோடு புது ஸ்பிராக்கெட் போடலாமா?

20 பிட்ச் நீளத்தை இழுத்துப் பிடித்து அளந்து பாருங்கள். புதிதில் 428-க்கு 254 மி.மீ., 520-க்கு 317.5 மி.மீ. ஒரு சதவீதத்துக்கு மேல் நீண்டிருந்தால், அதாவது 428-இல் 256.5 மி.மீ. தாண்டியிருந்தால், அந்தச் செயினைப் புதுப் பல்லின் மேல் ஓட்டாதீர்கள். நீண்ட செயின் புதுப் பல்லை வேகமாகத் தின்றுவிடும். செட்டாக மாற்ற வேண்டிய நேரத்தில் பல் எண்ணிக்கையையும் மாற்றுவதுதான் சிக்கனம்.

மாற்றிய பிறகு மைலேஜ் குறைந்ததாகக் காட்டுகிறதே?

பெரும்பாலும் ஓடோமீட்டர்தான் தவறாகக் காட்டும். வேகத்தை முன் சக்கரத்திலிருந்து எடுக்கும் வண்டியில் எந்த மாற்றமும் இருக்காது. கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டிலிருந்து எடுக்கும் வண்டியில், 15-ஐ 16 ஆக்கியதும் மீட்டர் 100 கி.மீ. காட்டும்போது வண்டி 106.7 கி.மீ. ஓடியிருக்கும். வேகமும் குறைவாகவே காட்டும், கவனம். மீட்டரில் 300 கி.மீ., டேங்கில் 7 லிட்டர் என்றால் கணக்கு 42.9, உண்மையில் ஓடியது 320 கி.மீ., மைலேஜ் 45.7.

இதே தவறு மறுபக்கமும் ஏமாற்றும். முன் பல்லைக் குறைத்தவர்களின் மீட்டர் ஓடாத தூரத்தையும் சேர்த்துக் காட்டும். மைலேஜ் கூடிவிட்டதாக அவர்கள் நம்பிவிடுவார்கள். ஜிபிஎஸ்ஸை வைத்து 50 கி.மீ. ஓடி மீட்டரோடு ஒப்பிட்டால் திருத்த வேண்டிய அளவு தெரியும்.

அளப்பதும் ஒழுங்காக இருக்க வேண்டும். டேங்கை விளிம்பு வரை நிரப்பி, ஓட்டி, அதே பம்பில் வண்டியை அதே நிலையில் நிறுத்தி, அதே விளிம்பு வரை நிரப்புங்கள். மாற்றுவதற்கு முன் மூன்று டேங்க், பின் மூன்று டேங்க். ஒரு டேங்க் கணக்கில் காற்று, ஆள் எடை, நெரிசல் எல்லாம் கலந்துவிடும். ஸ்பிராக்கெட்டின் சிறிய பலன் அதில் தெரியவே தெரியாது. டயர் காற்றழுத்தம் இரண்டு முறையும் ஒன்றாக இருக்கட்டும்.

கிளட்ச் சீக்கிரம் தேயுமா?

முதல் கியரும் அதே 6 சதவீதம் நீளுகிறது. கிளம்பும்போது ஹாஃப் கிளட்ச் சற்று அதிக நேரம் வேண்டியிருக்கும். தனியாளாக, திறந்த சாலையில் பெரிய விஷயமில்லை. இரண்டு பேர், சுமை, செங்குத்தான ஏற்றம், நெரிசல் என்றால் தேயும், சூடாகும். இறக்கத்தில் என்ஜின் பிரேக்கும் குறையும் என்பதால் முன்பு மூன்றாம் கியரில் இறங்கிய இடத்தில் இப்போது இரண்டாம் கியர் தேவைப்படலாம்.

ஓட்டும் முறையை மாற்ற வேண்டுமா?

கட்டாயம் மாற்ற வேண்டும். ஒவ்வொரு கியரையும் முன்பைவிடச் சற்று அதிக வேகத்தில் போடுங்கள். பழைய பழக்கப்படி 40-இலேயே டாப் கியர் போட்டு ஆக்ஸிலரேட்டரை முழுதாகத் திருகினால் என்ஜின் திணறும். செயின் இழுத்து இழுத்து அடிக்கும். டொக்டொக் என்று நாக்கிங் சத்தம் வரும். கனெக்டிங் ராடு பேரிங்குக்கும் பிஸ்டனுக்கும் அது கேடு. அந்தச் சத்தம் கேட்டால் உடனே ஒரு கியர் இறக்குங்கள்.

ஜெட் மாற்றவோ இசியு மாற்றவோ வேண்டுமா?

வேண்டாம். என்ஜினைப் பொறுத்தவரை சுமை கொஞ்சம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான். வேகத்தையும் ஆர்பிஎம்மையும் ஒப்பிட்டுக் கியர் எண்ணைக் காட்டும் மீட்டர்கள் மட்டும் சில சமயம் குழம்பும். ஏபிஎஸ் சக்கரத்திலேயே நேரடியாக அளப்பதால் அதற்குப் பாதிப்பில்லை.

டாப் ஸ்பீடு கூடுமா?

பெரும்பாலும் கூடாது. புதிய விகிதத்தில் டாப் கியரில் அதிகபட்ச சக்தி தரும் ஆர்பிஎம்மை என்ஜினால் எட்ட முடியாமல் போகும். டாப் கியரில் ரெட்லைனை (என்ஜினுக்கு அனுமதித்த உச்ச ஆர்பிஎம்) முட்டிக்கொண்டு ஓடிய வண்டிக்கு மட்டும் கொஞ்சம் கூடலாம்.

இரண்டு பல் கூட்டலாமா?

வேண்டாம். 15-ஐ 17 ஆக்கினால் ஆர்பிஎம் கிட்டத்தட்ட 12 சதவீதம் இறங்கும். சின்ன எதிர்க்காற்றுக்கே டாப் கியர் பயன்படாமல் போய்விடும். கேஸில் இடமும் இருக்காது.

ஸ்கூட்டரில் செய்யலாமா?

சிவிடி (கியர் போடாமல் பெல்ட்டில் ஓடும்) ஸ்கூட்டரில் செயின் ஸ்பிராக்கெட்டே இல்லை. வேரியேட்டர் ரோலரின் எடைதான் அங்கே ஆர்பிஎம்மைத் தீர்மானிக்கிறது. எடை கூடினால் ஆர்பிஎம் குறையும், கிளம்பும் வேகமும் மந்தமாகும்.

பல் மாற்றாமல் இதைவிட அதிகம் மிச்சம் பிடிக்க முடியுமா?

முடியும், முதலில் செய்ய வேண்டியதும் அதுதான். 80-இல் போவதை 70 ஆக்கினால் காற்றின் எதிர்விசை 23 சதவீதம் குறையும். எந்த ஸ்பிராக்கெட்டாலும் அதைத் தர முடியாது, பல் மாற்றும்போது எதிர்விசை துளியும் குறைவதில்லை. டயர் காற்று, உரசாத பிரேக், சுத்தமான ஏர் ஃபில்டர், எண்ணெய் போட்ட செயின் ஆகியவற்றைச் சரிசெய்து மூன்று டேங்க் அளந்த பிறகும் நெடுஞ்சாலையில் என்ஜின் அவசியமின்றிக் கத்துகிறது என்றால் ஸ்பிராக்கெட்டுக்கு வாருங்கள்.

பிடிக்கவில்லை என்றால் பழையபடி மாற்றிக்கொள்ளலாமா?

மாற்றலாம். கழற்றிய ஸ்பிராக்கெட்டைத் துடைத்து, எண்ணெய் தடவி, எத்தனை கி.மீ.யில் கழற்றியது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதே செயினோடு 1,000, 2,000 கி.மீ.க்குள் திரும்பப் போட்டால் சிக்கல் இல்லை. செயின் புதிதாக மாறிய பிறகு, பல் கொக்கி போல வளைந்த பழைய ஸ்பிராக்கெட்டை அதில் மாட்டாதீர்கள்.